ஒரு ஸ்டாரும் ஒரு கெட்ட வார்த்தையும்

*ஆன்லைன் கேம் உலகில் விமர்சனம் படும் பாடு*

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும் முன் வருகிற ஊர் கல்லாறு. வாமனபுரம் ஆற்றின் மேல்பகுதி இங்கே உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. மீன்முட்டி அருவிக்கு நடந்து போகிறவர்கள் வண்டியை நிறுத்தும் இடமும் இதுதான். சுற்றிலும் காடு, மலை. போனில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

மாலையில் சாயக்கடை ஓரம் மூன்று இளைஞர்கள் உட்கார்ந்து, நான்காவதாக ஓர் ஆளை இணையத்தில் சேர்த்துக்கொண்டால் ஒரு ஸ்க்வாட் தயார். போன்கள் படுக்கை வாட்டத்தில் திரும்புகின்றன. பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ மேட்ச் ஓடுகிறது. நூறு பேரில் தொடங்கி, கடைசி வட்டத்தில் எட்டு பேர். “அளியா, கவர் கொடு”, “எடா, ரிவைவ், ரிவைவ்” என்று குரல்கள் ஏறுகின்றன. திரையின் மூலையில் பச்சை நிறத்தில் இருந்த, இணையத் தாமதத்தைக் காட்டும் பிங் எண் 60-லிருந்து சிவப்புக்கு மாறி 300-ஐத் தாண்டுகிறது. எதிரி அசையாமல் நிற்கிறான். மூவரில் ஒருவன் சுடுகிறான், ஒன்றும் படவில்லை. அடுத்த நொடி படம் துள்ளுகிறது. எதிரி பக்கவாட்டில் நிற்கிறான், இவன் தரையில் கிடக்கிறான். இணையம் வழியாக அணியில் சேர்ந்த யாரோ ஒருவன், முகம் தெரியாத ஊரிலிருந்து, இவனுடைய அம்மாவை இழுத்துத் திட்டுகிறான்.

ஆட்டம் முடிந்த கையோடு பிளே ஸ்டோர் திறக்கிறது. ஒரு ஸ்டார். அதன் கீழே ஒரு கெட்ட வார்த்தை. போஸ்ட்.

இதில் ஆட்டக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. கோளாறு உண்மை. காசு கொடுத்து நெட் போட்டு, ஒரு மணி நேரம் உழைத்து ஏற்றிய ரேங்க் இறங்கியதும் உண்மை. ஆனால் அந்த ஒரு ஸ்டாரைப் பார்க்கிற எஞ்சினியருக்கு என்ன தெரியும்? எந்த போன், எந்த நெட்வொர்க், எந்த மேப், பழுது சர்வரிலா சிக்னல் டவரிலா? ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதே இடத்தில் அதே லேக் அடிக்கும்.

விமர்சனத்தில் மரியாதை வேண்டும் என்று சொன்னால் பல கேமர்கள் முகம் சுளிக்கிறார்கள். கம்பெனிக்கு ஜால்ரா போடச் சொல்வதாக நினைக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. பழுதின் மீது எவ்வளவு வேண்டுமானாலும் கடுமையாக இருக்கலாம், இருக்க வேண்டும். ஆள் மீது கை வைத்த உடனே அந்தக் கடுமை வீணாகிவிடுகிறது. நஷ்டம் முதலில் ஆட்டக்காரனுக்கே வருகிறது.

பெட்டிச் செய்தி: தடையும் திரும்பலும்

2020 செப்டம்பர் 2: பப்ஜி மொபைலுக்கு இந்தியாவில் தடை.
2021 ஜூலை 2: கிராஃப்டன் நிறுவனத்தின் பிஜிஎம்ஐ அறிமுகம்.
2022 பிப்ரவரி: ஃப்ரீ ஃபயருக்குத் தடை.
2022 ஜூலை: பிஜிஎம்ஐ ஆப் ஸ்டோர்களிலிருந்து அகற்றப்பட்டது.
2023 மே: மூன்று மாத சோதனை அனுமதியுடன் பிஜிஎம்ஐ திரும்பியது.
2025 ஆகஸ்ட்: ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத் தடை, இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம்.

இந்த ஐந்தாண்டு வரலாற்றில் இந்திய ஆட்டக்காரரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் கேம் இருக்காது. இன்னொரு நாள் எழுந்தால் வேறு பெயரில் இருக்கும். தன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்று பழகிப்போனவர்கள் கத்தத்தான் செய்வார்கள். இதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளாமல் ‘கேமர் பசங்க வாய் மோசம்’ என்று முடித்துவிடுவது நியாயம் ஆகாது.

ஃபவுஜி வாங்கிய அடி

பப்ஜிக்குத் தடை வந்த இரண்டே நாளில், நடிகர் அக்‌ஷய் குமார் ‘ஃபவுஜி’ என்ற கேமை அறிவித்தார். பெங்களூருவின் என்கோர் கேம்ஸ் தயாரிப்பு. நிகர வருமானத்தில் 20 சதவிகிதம், உயிரிழந்த படைவீரர் குடும்பங்களுக்கு உதவும் ‘பாரத் கே வீர்’ நிதிக்குப் போகும் என்றார்கள். பப்ஜி போன இடத்தை இது நிரப்பப்போகிறது என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது. 2021 ஜனவரி 26 அன்று கேம் வந்தது. கல்வான் பள்ளத்தாக்கு, கைகலப்புச் சண்டை, தனி ஆள் ஆட்டம். நூறு பேர் மோதும் பேட்டில் ராயல் அதில் இல்லை.

முதல் நாளில் நாலரையைத் தாண்டி நின்ற பிளே ஸ்டோர் ரேட்டிங், சில நாட்களிலேயே மூன்றை ஒட்டி இறங்கியது. வந்த விமர்சனங்களில் இரண்டு வகை கலந்திருந்தன. ஒரே மாதிரி சண்டை திரும்பத் திரும்ப வருகிறது, துப்பாக்கி இல்லை, அசைவுகள் இயல்பாக இல்லை என்று எழுதியவர்கள் ஒரு பக்கம். பப்ஜி மீதான பாசத்தில், கேமைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு ஸ்டார் குத்தியவர்கள் இன்னொரு பக்கம். ‘ரிவ்யூ பாமிங்’ என்று உலகம் சொல்வது இந்த இரண்டாம் வகையைத்தான். சோகம் என்னவென்றால், முதல் வகையின் நியாயமான குரல் இரண்டாம் வகையின் இரைச்சலில் அமுங்கிப் போனது. ‘எல்லாம் பப்ஜி ரசிகர்கள் வேலை’ என்று ஒரே வரியில் ஒதுக்கித்தள்ள அந்த இரைச்சலே வழி செய்து கொடுத்தது.

இந்தச் சிக்கலை, கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் முன்பே சந்தித்திருந்தது. 2017 செப்டம்பரில், விமர்சனங்கள் எந்தத் தேதியில் எவ்வளவு குவிந்தன என்று காட்டும் வரைபடத்தை அது கொண்டுவந்தது. 2019 மார்ச்சில், கேமுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குவியும் விமர்சனங்களை மதிப்பெண் கணக்கில் சேர்க்காமல் விடும் முறையை அறிவித்தது. எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்பதும் அங்கே விமர்சனத்தோடு சேர்ந்தே தெரியும். எண்பது மணி நேரம் ஆடியவர் திட்டுவதற்கும் எட்டு நிமிடம் ஆடியவர் திட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

கேட்டுத் திருத்தியவர்கள்

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் சின்ன நிறுவனம். ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ என்ற கேமுக்காக 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டப் பார்த்தார்கள், இலக்கை எட்டவில்லை. நிறுவனர்களில் ஒருவர் தன் ஃபிளாட்டையே விற்றார். கடைசியில் 2020-ல் கேம் வெளிவந்தது. கோயில் மண்டபங்களையும் சுவரோவியங்களையும் பார்த்து உலகம் வியந்தது. அதே மூச்சில், சண்டை இறுக்கமாக இருக்கிறது, குரல் நடிப்பு ஒட்டவில்லை, முடிவு சட்டென்று அறுந்துவிடுகிறது என்றும் சொன்னது.

இந்திய கேம் என்பதற்காக யாரும் சலுகை காட்டவில்லை. காட்டாததுதான் நல்லதாகப் போயிற்று. 2022-ல் மேம்படுத்திய பதிப்பு வந்தபோது ஆங்கிலக் குரல்கள் மாற்றப்பட்டிருந்தன, இந்திக் குரல் சேர்ந்திருந்தது, அசைவுகளும் சண்டையும் சீர்செய்யப்பட்டிருந்தன. விமர்சகர்கள் விரல் வைத்துக் காட்டிய இடங்கள் இவை. ‘குப்பை கேம்’ என்று மட்டும் ஆயிரம் பேர் எழுதியிருந்தால், எந்த இடத்தில் கை வைப்பது என்று அந்தச் சின்னக் குழுவுக்குத் தெரிந்திருக்குமா?

எல்லா விமர்சனத்தையும் ஏற்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம். நமக்கு மிக நெருக்கமான உதாரணம் ‘வெண்பா’. டொரன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட கேம். எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, அதை வைத்து ஆட்டக்காரர் சமைத்தாக வேண்டும். இட்லிப் பாத்திரத்தில் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் எல்லாக் குழிக்கும் ஆவி போகும் என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். குறிப்பேட்டில் அந்த இடத்தில் எழுத்து அழிந்திருக்கும். அடுத்து புட்டு, குழலில் மாவும் தேங்காயும் மாறி மாறி.

வெண்பாவைப் பற்றிப் பலரும் சொன்ன குறை, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதைச் சொல்ல உரிமை உள்ளவர்கள்தான். ஆனால் அந்தக் கதைக்கு அந்த அளவு போதும் என்று நம்பி எழுதியிருந்தார்கள். 2024-ல் இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும் பரிசும், அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் வெண்பாவுக்குக் கிடைத்தன. விமர்சனம் படைப்பாளிக்கு வரும் தகவல். கட்டளையாக ஏற்க வேண்டியதில்லை. ‘எனக்குப் போதவில்லை’ என்று சொல்கிற உரிமையும் ‘எனக்கு இது போதும்’ என்று சொல்கிற உரிமையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். இரண்டுக்கும் இடையில் வசவு எதற்கு?

கேரளம் சினிமாவில் கண்டது

விமர்சனத்துக்கு வேலி போடலாமா என்ற கேள்வியை கேரளம் ஏற்கெனவே நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறது, சினிமா வழியாக. 2023 அக்டோபரில் ‘ராகேல் மகன் கோரா’ என்ற மலையாளப் படத்தின் இயக்குநர் கொடுத்த புகாரில், ரிவ்யூ பாமிங் குற்றச்சாட்டில் கொச்சியில் போலீஸ் வழக்கு பதிந்தது. கேரள உயர் நீதிமன்றத்திலும் அதே பிரச்னை விசாரணைக்கு வந்தது. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்டவர் 2024 மார்ச்சில் கொடுத்த அறிக்கை, படம் வெளியான 48 மணி நேரத்துக்கு யூடியூபர்கள் விமர்சனம் செய்யாமல் இருக்கலாம் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் தயாரிப்பாளர்கள் மூன்று நாள் தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது.

கேம்களுக்கு இப்படி வாய்ப்பூட்டு போட வேண்டும் என்று யாராவது கிளம்பினால் அதை நான் எதிர்ப்பேன். சர்வர் படுத்துவிட்டதா, பணம் கட்டிய பொருள் வந்து சேர்ந்ததா என்பதெல்லாம் முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயங்கள். 2020 டிசம்பர் 10 அன்று வந்த ‘சைபர்பங்க் 2077’ பழைய பிளேஸ்டேஷன் கருவிகளில் தள்ளாடியதை ஆட்டக்காரர்கள் முதல் நாளே வீடியோவோடு காட்டினார்கள். ஒரே வாரத்தில் சோனி தன் டிஜிட்டல் கடையிலிருந்து கேமை அகற்றியது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 48 மணி நேரம் வாயை மூடச் சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள்?

கோபம் ஜெயித்த இடம்

2017 நவம்பர். ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ வெளிவரும் நேரம். டார்த் வேடர் பாத்திரத்தைத் திறக்க சுமார் நாற்பது மணி நேரம் ஆட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்ட ரசிகர்கள் கொதித்தார்கள். ஈஏ நிறுவனம் ரெடிட்டில் கொடுத்த சமாதானத்துக்கு 6 லட்சத்துக்கும் மேல் எதிர் ஓட்டுகள் விழுந்தன. நிறுவனம் அந்த விலையை 75 சதவிகிதம் குறைத்தது. கேமுக்குள் காசு கொடுத்து வாங்கும் வசதியையும் அப்போதைக்கு நிறுத்தியது.

2024 மே மாதம் இன்னொன்று. ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேமை கம்ப்யூட்டரில் ஆட இனி சோனியின் பிஎஸ்என் கணக்கு கட்டாயம் என்றார்கள். அந்தச் சேவையே இல்லாத நாடுகள் நிறைய. அங்கெல்லாம் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்? சில நாட்களில் இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்மறை விமர்சனங்கள் ஸ்டீமில் குவிந்தன. சோனி பின்வாங்கியது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி: பழைய விமர்சனத்தைத் திருத்தி, நல்ல மதிப்பெண்ணுக்கு மாற்றியவர்கள் ஏராளம். கோரிக்கை இன்னதென்று தெளிவாக இருந்ததால் நிறைவேறியதும் தெரிந்தது. கோபத்தைக் கீழே வைக்க முடிந்தது.

இந்த இரண்டு இடத்திலும் ஜெயித்தது கூட்டத்தின் எண்ணிக்கை மட்டும் கிடையாது. ‘இந்த விலையைக் குறை’, ‘இந்தக் கட்டாயத்தை நீக்கு’ என்று ஒரே வரியில் சொல்லக்கூடிய கோரிக்கை இருந்தது.

பெட்டிச் செய்தி: இரண்டு புகார்கள்

முதலாவது: “மட்டமான கேம். லேக். டெவலப்பர் எல்லாம் தூங்குறானுங்க.”

இரண்டாவது: “3 ஜிபி ரேம் போன், 4ஜி. சனிக்கிழமை இரவு 8 மணி. கடைசி இரண்டு வட்டத்தில் மட்டும் பிங் 60-லிருந்து 300-க்குப் போகிறது. அதே இடத்தில், அதே நேரம் யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது. மூன்று மேட்ச்சிலும் இதேதான். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் இணைத்திருக்கிறேன். போன அப்டேட்டுக்கு முன் இப்படி இல்லை.”

இரண்டாவதில் பாராட்டு ஒரு வார்த்தைகூட இல்லை. டாக்டரிடம் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுவது மாதிரி, தேட வேண்டிய இடம் அதில் இருக்கிறது. யூடியூப் ஓடுகிறது என்ற ஒரு தகவலே சிக்னல் மீதான சந்தேகத்தை ஓரளவு குறைத்து, சர்வர் பக்கமும் பார்க்க வைக்கும். ‘போன அப்டேட்டுக்கு முன் இல்லை’ என்பது, எந்த மாற்றத்தில் கோளாறு புகுந்தது என்று சுட்டும்.

மைக்கை அணைத்துவிட்ட பெண்கள்

இனி, வசவின் விலையைக் கொடுப்பவர்கள் பக்கம் வருவோம். தமிழில் இதை மறக்க முடியாத அளவுக்கு வெளிச்சம் போட்டது ‘பப்ஜி மதன்’ வழக்கு. யூடியூபில் ஆட்டத்தை நேரலையில் காட்டிக்கொண்டே, உடன் ஆடிய பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் 2021 ஜூனில் தருமபுரியில் அவர் கைது செய்யப்பட்டார். குண்டர் சட்டமும் பாய்ந்தது. முன்ஜாமீன் மனு வந்தபோது, முதலில் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து வாதாடும்படி உயர் நீதிமன்ற நீதிபதி வழக்கறிஞரிடம் சொன்னார். மதனுடைய சேனல்களில் ஒன்றின் பெயரிலேயே ‘டாக்ஸிக்’ என்ற சொல் இருந்தது. அதை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. என்னை உலுக்கியது இந்த இரண்டாவது பாதிதான். ஒருவர் பேசியதை அத்தனை பேர் பொழுதுபோக்காகக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள்.

கேம் ஆடும் பெண்களிடம் கேட்டால் ஒரே மாதிரி பதில்தான் வரும்: மைக்கை ஆன் செய்வதே இல்லை. ஐடியில் ஆண் பெயர், அல்லது பெயர் மாதிரியே தெரியாத எழுத்துக் கூட்டம். குரல் கேட்டால் நம்பர் கேட்பார்கள், தோற்றால் ‘பெண்ணைச் சேர்த்தால் இப்படித்தான்’ என்பார்கள். அணியாக ஆடும் கேமில் பேச முடியாதவர் பாதி ஆட்டக்காரர்தான். கேம் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கும் கருத்து உண்டு. அது எந்தக் கம்பெனியின் காதுக்கும் போவதில்லை. யார் சத்தமாகக் கத்துகிறாரோ அவர் விருப்பத்துக்கு ஏற்ப அடுத்த அப்டேட் அமைகிறது.

தயாரிப்பாளர்களுக்கு நடப்பதும் கொடுமை. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ கேமின் வெளியீடு 2016-ல் சில வாரம் தள்ளிப்போனதற்காக அதன் தலைவர் ஷான் மர்ரேவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. வெளிவந்த பிறகு, சொன்னவை பல கேமில் இல்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அது நியாயமானது. அந்தக் குழு இலவச அப்டேட்களாகவே கொடுத்து வருடக்கணக்கில் கேமை நிமிர்த்தியது. அமெரிக்காவில் பங்கி என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரை இனவெறிப் பேச்சோடு துரத்தித் தொல்லை கொடுத்த ஆட்டக்காரர் மீது நிறுவனமே வழக்குப் போட்டது. 2023-ல் சுமார் 4 லட்சத்து 89 ஆயிரம் டாலர் இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. தொல்லைக்கு ஆளானவர் கேமை வடிவமைத்தவர்கூட இல்லை. ஆட்டக்காரர்களிடம் பேசுவதுதான் அவர் வேலை.

இப்படித் திட்டுகிறவர்கள் யார்? ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ கேமை நடத்தும் ரயட் நிறுவனம் சில வருடங்கள் இதை ஆராய்ந்தது. எப்போதும் விஷம் கக்குகிறவர்கள் சுமார் ஒரு சதவிகிதம்தான். பெரும்பகுதி வசவு, மற்ற நாளில் ஒழுங்காக ஆடுகிறவர்கள் ஒரு மோசமான நாளில் கொட்டுவது என்று கண்டார்கள். எதிரணியோடு பேசும் வசதியை யாருக்கும் தானாகத் திறக்காமல், வேண்டுமானால் திறந்துகொள்ளலாம் என்று மாற்றியபோது, பேச்சு குறையவில்லை. வசவு முப்பது சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. திட்டுகிற பையனைக் கெட்டவன் என்று ஒதுக்கிவிட முடியாது, கேமின் வடிவமைப்பிலும் பொறுப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

பெட்டிச் செய்தி: எங்கே புகார் செய்யலாம்?

கேமுக்குள் இருக்கும் ரிப்போர்ட் பட்டன் முதல் படி. வசவு நேரலையிலோ சமூக ஊடகத்திலோ வந்தால், 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, 7 நாளில் தீர்க்க வேண்டும். பெண்ணை இழிவுபடுத்தும் பேச்சு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-வது பிரிவில் குற்றம். ஆபாசத்தை இணையத்தில் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் வரும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை அழிக்காமல் வைத்திருப்பது முக்கியம்.

எந்த மொழியில் சொல்வது?

கம்பெனிகள் செய்ய வேண்டியது இங்கேதான் பாக்கி இருக்கிறது. சென்னையிலோ கொச்சியிலோ ஆங்கிலம் சரளமாக எழுதும் இளைஞர், டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் நுழைந்து டெவலப்பரிடமே நேராகப் பேசிவிடுவார். வால்பாறையிலும் போனக்காட்டிலும், எஸ்டேட் லயத்து வீட்டில் பழைய போனில் ஆடுகிறவருக்கு அந்த வழி இல்லை. சப்போர்ட் பக்கம் பெரும்பாலும் ஆங்கிலம். அனுப்பினால் வருவது இயந்திரப் பதில். மிச்சம் இருப்பது ஸ்டார் குத்தும் இடம்தான். கோடிக்கணக்கான டவுன்லோடு இந்த ஊர்களையும் சேர்த்துத்தான் வருகிறது. விளம்பரம் மட்டும் தமிழிலும் மலையாளத்திலும் வருகிறதே, புகார்ப் படிவம் ஏன் வரக் கூடாது? நான்கு கேள்வி போதும்: எந்த போன், எந்த நெட், எப்போது, என்ன நடந்தது. பதில் தாய்மொழியில் இருக்கட்டும்.

பெரிய ஸ்ட்ரீமர்களுக்கும் இதில் கடமை உண்டு. லட்சம் பேர் பார்க்கும்போது ‘வாங்க எல்லாரும் ஒரு ஸ்டார் போடலாம்’ என்று சொல்வதற்கு ஒரு நொடி ஆகும். அதே லட்சம் பேரிடம் ‘உங்கள் போன் மாடலையும் பிங் எண்ணையும் எழுதுங்கள்’ என்று கேட்டால், எந்தக் கம்பெனியும் காசு கொடுத்து வாங்க முடியாத தகவல் ஒரே ராத்திரியில் சேர்ந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் மறுக்க முடியாது.

2025 சட்டம் ஆன்லைன் கேம்களுக்கென ஓர் ஆணையம் அமைக்கவும், ஆட்டக்காரர்கள் நலனைப் பாதிக்கும் விஷயங்களில் புகார் கேட்கவும் வழி வைத்திருக்கிறது. பண மோசடிப் புகார்களோடு நின்றுவிடாமல், குரல் அரட்டையில் நடக்கும் வசவுக்கு நிறுவனங்கள் எத்தனை நாளில் என்ன நடவடிக்கை எடுத்தன என்ற கணக்கையும் அந்த ஆணையம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். புகாரைத் தமிழிலும் மலையாளத்திலும் மற்ற இந்திய மொழிகளிலும் ஏற்க வேண்டும். பெண்களும் சிறுவர்களும் எத்தனை பேர் புகார் செய்தார்கள், எத்தனைக்குப் பதில் போனது என்பது அதில் தனியாக இருக்க வேண்டும்.